ஷட்டர் இறங்கின பிறகுதான் தெரியும் அது எப்படியான பேங்க் எண்டு

போன வருஷம் என்ட தங்கச்சிட மகள் ஏ எல் ரிசல்ட் வந்த கையோட எங்கட வீட்ட வந்தாள், பெரியம்மா நான் பேங்க்குக்கு அப்ளை பண்ணப் போறன், எந்த பேங்க் நல்லம் எண்டு கேட்டாள். எந்த பேங்க் எண்டு கேக்காத மகள், எந்த ப்ராஞ்ச் எண்டு கேள் எண்டன். அதையும் காலமை போய்ப் பாக்காத, காலமை ஒம்பது மணிக்கு எல்லா ப்ராஞ்சும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஏசி குளிரும், கவுண்டர்ல எல்லாரும் சிரிச்ச முகமா இருப்பாங்க. பின்னேரம் அஞ்சு மணிக்குப் போய் ரோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டு பார். யார் வெளிய வாறாங்க, என்ன முகத்தோட வாறாங்க எண்டு பார். அவளுக்கு விளங்கேல்ல. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறன், பேங்க்ல புதுசாச் சேரப்போற பிள்ளைகளும் வாசிக்கட்டும், ஸ்டாஃப் நிக்கிறாங்க இல்ல எண்டு கவலைப்படுற மெனேஜர்மாரும் வாசிக்கட்டும்.

நான் சேர்ந்தது 2011ல. சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷம், வடக்கு கிழக்கு முழுக்க பேங்க்குகள் போட்டி போட்டுக்கொண்டு ப்ராஞ்ச் திறந்த காலம். திருகோணமலை டவுனுக்குள்ளயே ஒரு ரோட்டுல நடந்தா நாலு அஞ்சு புது போர்டு தெரியும். என்ட அப்பா நிலாவெளியில கடல் தொழில், அம்மாக்கு பிள்ளை சாரி கட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போறதே பெரிய பெருமை, கோயில்ல காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவா. அந்த முதல் ப்ராஞ்ச்ல நாங்க பதிமூண்டு பேர். நான் மூண்டு வருஷம் இருந்தன், அந்த மூண்டு வருஷத்துல ஒம்பது பேர் போயிட்டாங்க. ஒராள் வெளிநாடு, ஒராள் கலியாணம் கட்டி மட்டக்களப்புக்கு, மிச்ச ஏழு பேரும் பக்கத்து ரோட்டுல இருக்கிற வேற பேங்க்குகளுக்குத்தான் போனாங்க, அதுவும் கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்கு. இதை நான் பிறகுதான் யோசிச்சுப் பாத்தன். சம்பளம் கூடவும் இல்ல, தூரம் குறையவும் இல்ல, பிறகு ஏன் போனாங்க?

எனக்கு நடந்ததைச் சொல்றன். 2012 மார்கழி, நல்ல மழை. நான் அப்ப கேஷ் கவுண்டர்ல இருந்து ஏழு மாசம்தான். பின்னேரம் பேலன்ஸ் பண்ணுறன், பத்தாயிரம் ரூபா ஷோர்ட். திரும்ப எண்ணுறன், அதே பத்தாயிரம். கை நடுங்கத் தொடங்கிட்டு. பேங்க்ல வேலை செய்யாத ஆக்களுக்கு இது விளங்காது, ஒரு நாள் முழுக்க லட்சக்கணக்கில காசு கையால போய் வரும், கடைசியில சிஸ்டத்துல இருக்கிற கணக்கும் லாச்சிக்குள்ள இருக்கிற காசும் சதம் பிசகாம ஒத்துவர வேணும், ஒத்துவராட்டி யாரும் வீட்டுக்குப் போக ஏலாது, வோல்ட் மூட ஏலாது. செகண்ட் ஒபிசர் அக்காட்டப் போய்ச் சொன்னன், அவ ஒண்டும் கதைக்காம மெனேஜர் சேரிட ரூமைக் காட்டினா. அவர் வெளிய வந்து எல்லாருக்கும் முன்னால, எண்ணத் தெரியாத உன்னை யார் கவுண்டர்ல போட்டது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனியா எண்டு கேட்டார். பன்னிரண்டு பேர் நிக்கிறாங்க. செக்யூரிட்டி ஐயா கூட நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். நாளைக்குக் காலமை பத்துக்கு முதல் காசு வரவேணும் எண்டிட்டு உள்ள போயிட்டார்.

அப்ப ட்ரெய்னி எலவன்ஸ் 15,000 ரூபா கூட இல்ல எனக்கு. வீட்டுல மார்கழி மாசம், வாடைக்காத்துக்கு கடல் கொந்தளிப்பு, அப்பா தொழிலுக்குப் போய் மூண்டு கிழமை. அடுத்த நாள் காலமை என்ட தோட்டை இன்னொரு பேங்க்ல அடகு வெச்சுத்தான் அந்தக் காசைக் கட்டினன். எட்டாம் நாள் மூதூர்ல இருந்து ஒரு வயசான ஐயா வந்தார், வெள்ளாமைக்காரர், சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நனைஞ்சு போய். மிஸ், நீங்க தந்த கட்டுல ரெண்டு அஞ்சாயிரம் தாள் கூட வந்திருந்தது, உரக்கடையில குடுக்கக்குள்ளதான் பாத்தன், மழைக்கு வர ஏலாமப் போயிட்டு, உங்கட சம்பளத்துல வெட்டியிருப்பாங்களே பிள்ளை எண்டு சொன்னார். நான் அழுதிட்டன் கவுண்டர்லயே. மெனேஜர் சேரிட்டப் போய்ச் சொன்னன், சரி வவுச்சர் போட்டு எடு எண்டார், தலை நிமிரவும் இல்ல. அண்டைக்குத்தான் நான் மனசால அந்த பேங்க்கை விட்டுப் போனன், லெட்டர் குடுத்தது 2014ல எண்டாலும்.

ஆனா இதை எழுதுறது அந்த அவமானத்துக்காக மட்டும் இல்ல, அதுக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அடுத்த மாசம் எனக்கு ஒரு நாள் ஆயிரம் ரூபா எக்சஸ் வந்தது, காசு கூட இருந்தது. சட்டப்படி அதை அண்டைக்கே எக்சஸ் எண்டு கணக்குல காட்ட வேணும். நான் காட்டேல்ல. ஒரு என்வலப்ல போட்டு லாச்சிக்குப் பின்னால வெச்சன், இனி ஒரு நாள் ஷோர்ட் வந்தா அதால கட்டலாம் எண்டு. அது எவ்வளவு பெரிய பிழை எண்டு எனக்குத் தெரியும், அந்தக் காசு ஒரு கஸ்டமர்ட காசு. பிறகு பாத்தா மற்ற ரெண்டு கவுண்டர்லயும் அதே மாதிரி என்வலப் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கேல்ல, எல்லாரும் தனித்தனியாக் கண்டுபிடிச்சது. ஏசுறதால பிழை குறையேல்ல, பிழை லாச்சிக்குப் பின்னால போயிட்டு, அவ்வளவுதான்.

பேங்க் எக்சாமுக்குப் படிக்கக்குள்ள பேரிங்ஸ் பேங்க் கதை வரும். 1762ல தொடங்கின லண்டன் பேங்க், 1995ல சிங்கப்பூர்ல இருந்த நிக் லீசன் எண்ட ஒரு ட்ரேடர்ட நட்டத்தால விழுந்தது, 827 மில்லியன் பவுண்ஸ், கடைசியில ஒரே ஒரு பவுணுக்கு வித்தாங்க. அவர் நட்டத்தை ஒளிச்சு வெச்ச கணக்கு இலக்கம் 88888. தொடக்கத்துல அந்தக் கணக்குக்குள்ள அவர் மறைச்சது அவரிட டீம்ல புதுசா வந்த ஒராள் விட்ட 20,000 பவுண்ஸ் பிழை. இதை வாசிக்கக்குள்ள எல்லாரும் ட்ரேடிங், கொன்ட்ரோல் எண்டு நோட்ஸ் எழுதினாங்க, எனக்கு என்ட என்வலப்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பெரிய பேங்க்லயும் முதல் பிழை வந்த நேரம் அதை அண்டைக்கே மேல சொல்லாம ஒளிச்சதுலதான் எல்லாம் தொடங்கினது.

பிறகு வீட்டுக்குப் போற நேரம். அந்த ப்ராஞ்ச்ல பேலன்ஸ் அஞ்சரைக்கு முடிஞ்சாலும் மெனேஜர் சேர் எழும்புற மட்டும் யாரும் பேக்கைத் தூக்கக் கூடாது, எழுதின சட்டம் இல்ல, ஆனா ஒருக்கா ஒரு தம்பி ஆறு மணிக்கு வெளிக்கிட்டதுக்கு அடுத்த நாள் மீட்டிங்ல, சில பேருக்கு இது பேங்க் இல்ல கவர்ன்மென்ட் கச்சேரி எண்டு நினைப்பு எண்டு சொன்னதோட அதுவே சட்டமாப் போயிட்டு. சேர் ஏழரைக்குத்தான் எழும்புவார். எங்களுக்கு அந்த நேரம் செய்ய ஒண்டும் இல்ல, ஸ்க்ரீனைப் பாத்துக்கொண்டு இருப்பம். நிலாவெளிப் பக்கம் அந்த நேரத்துக்கு பஸ் கிடைக்கிறது அரிது, அப்பா மோட்டார் சைக்கிள்ல வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிப்பார், பக்கத்துல மான்கள் படுத்திருக்கும், எங்கட ஊர் ஆக்களுக்குத் தெரியும் அந்த இடம். மனுசன் விடிய ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவர், எனக்காக நித்திரை முழிச்சு நிப்பார். கடை காரியாலயச் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல போனா ஒண்டரை மடங்கு ஓடி, அதாவது ஓவர்டைம் காசு, எண்டு இருக்கு. எங்கள்ல யாரும் ஓடி ஃபோர்ம் நிரப்பினதை நான் காணேல்ல. காசு குடுக்காதது ஒரு பக்கம், எங்கட நேரத்துக்குப் பெறுமதி இல்ல எண்டு ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் உக்கார வெச்சுக் காட்டினதுதான் கூட வலிச்சது.

டார்கெட் பற்றிச் சொல்லாம விட ஏலாது. டார்கெட் இல்லாம பேங்க் நடத்த ஏலாது, அது எனக்குத் தெரியும், நானும் இப்ப டார்கெட் பிரிச்சுக் குடுக்கிற ஆள்தான். ஆனா ஹெட் ஒஃபிஸ்ல இருந்து வாற நம்பர் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வரும். எங்கட ஊர்ல கார்த்திகை மார்கழி தை மாசம் கடல் தொழில் விழுந்திடும், டூரிஸ்ட் இல்ல, வயலுக்கு விதைச்சு உரம் போட்டு காசு முழுக்க நிலத்துக்குள்ள கிடக்கும், பிறகு தையில பள்ளிக்கூடம் தொடங்கும், கொப்பி சப்பாத்து வாங்க வேணும். அப்ப சனம் நகையோட அடகு வைக்கத்தான் வரும், டிபோசிட் போட வராது. பெரும்போகம் வெட்டி மாசி பங்குனியில கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் காசு புழங்கும், மே தொடங்கி நிலாவெளி உப்புவெளி ஹொட்டல்களுக்கு சீசன். இது எங்கட பஸ்ல வாற எந்த மீன் விக்கிற அம்மாக்கும் தெரியும். அந்த ப்ராஞ்ச்ல மார்கழி மாசம் டிபோசிட் டார்கெட் அடிக்கேல்ல எண்டு ட்ரெய்னிமாரை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டாங்க. நாங்க என்ன செய்தம், சித்தப்பா, மாமி, மச்சான், பக்கத்து வீட்டு அம்மம்மா எல்லாருக்கும் 500 ரூபா போட்டு சேவிங்ஸ் திறந்தம், சில பிள்ளைகள் தங்கட காசையே போட்டாங்க. ஆறு மாசத்துல அந்தக் கணக்கெல்லாம் அப்படியே தூங்கிப் போயிட்டு.

அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ எண்ட பெரிய பேங்க்ல நடந்ததும் இதுட பெரிய உருவம்தான். கஸ்டமருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கான கணக்குத் திறந்து, 2016ல 185 மில்லியன் டொலர் தண்டம், 5,300 பேர் அளவுல வேலையால நிப்பாட்டினாங்க. இந்த 5,300 எண்ட எண்ணிக்கையைப் பாக்கக்குள்ள எனக்கு முதல்ல கோவம்தான் வரும். தினமும் டார்கெட் கேட்டு நெருக்கினது மேல இருந்து வந்தது, முதல்ல வேலை போனது அனேகம் கீழ இருந்த ஆக்களுக்கு. அதால புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு நான் கடுமையாச் சொல்றது ஒண்டு இருக்கு, யார் சொன்னாலும் ஆள் வந்து கையெழுத்துப் போடாம கணக்குத் திறக்காதீங்க, உங்கட யூசர் ஐடி பாஸ்வேர்டை மெனேஜருக்கும் குடுக்காதீங்க. பிரச்சினை எண்டு வாற நாள் சிஸ்டத்துல இருக்கிறது உங்கட பேர்தான்.

2014ல ரெண்டாவது பேங்க்குக்கு வந்தன். அங்கயும் டவுன் ப்ராஞ்ச்தான், சம்பளம் 1,500 ரூபாதான் கூட. அங்க மெனேஜர் ஒரு சிங்கள மெடம், மாத்தளை ஆள், வவுனியாவுல வேலை செய்து தமிழ் பழகினவ. முதல் நாள் என்னட்டக் கேட்ட முதல் கேள்வி, தங்கச்சி வீட்டுக்கு எத்தன மணி பஸ்? எனக்கு ஏன் கேக்குறா எண்டு விளங்கேல்ல. பாத்தா அவட மேசைக் கண்ணாடிக்குக் கீழ ஒரு தாள் இருந்தது, எல்லார்ட பேரும் கடைசி பஸ் நேரமும் எழுதி, கிண்ணியா, சீனக்குடா, கந்தளாய், நிலாவெளி எண்டு. தூரத்துக்குப் போற ஆக்கள்ட கவுண்டரை முதல்ல மூடி முதல்ல பேலன்ஸ் எடுக்கிறது, டவுனுக்குள்ள இருக்கிற ஆக்கள் கடைசியா. வேற ஒண்டும் இல்ல, இதுக்கு ஹெட் ஒஃபிஸ் அப்ரூவல் தேவையில்ல, காசு தேவையில்ல, ஒரு தாளும் ஒரு பேனையும் போதும்.

அங்க எனக்கு முதல் ஷோர்ட் வந்த நாள் நல்ல ஞாபகம். 2,700 ரூபா. நான் நிண்ட இடத்துலயே வேர்த்துப் போனன், பழைய பயம். மெடம் வந்து கதிரையை இழுத்துப்போட்டு பக்கத்துல இருந்தா. ஒம்பதால பிரி எண்டா. 2,700 ஒம்பதால பிரியும். அப்ப இலக்கம் மாறிப் போட்டிருக்கும் பார் எண்டா. தேடினா 6,300 எண்ட வவுச்சரை நான் 3,600 எண்டு அடிச்சிருக்கிறன். பத்து நிமிஷம் கூட இல்ல. ரெண்டு இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் எப்பவும் ஒம்பதால பிரியும், ஷோர்ட் அல்லது எக்சஸ் தொகையை ரெண்டாப் பிரிச்சு அந்தத் தொகையில ஒரு வவுச்சர் இருந்தா டிபோசிட்டை வித்ட்ரோவலாப் போட்டிருக்கலாம், 4,500 வந்தா 500 தாளும் 5,000 தாளும் மாறியிருக்கலாம், அதுக்குப் பிறகுதான் கட்டுகளை உடைச்சு எண்ணுறது, பிறகு கேமரா. மூண்டு வருஷம் முதல் ப்ராஞ்ச்ல இருந்தும் எனக்கு இதை யாரும் சொல்லித் தரேல்ல, ஏசத்தான் நேரம் இருந்தது. மெடம்ட ஒரே ஒரு சட்டம், முதல் அரை மணித்தியாலம் காசைத் தேடுறது, ஆளைத் தேடுறதில்ல. தங்கட கவுண்டரை முடிச்ச எல்லாரும் வந்து உதவ வேணும். உண்மையாவே காசு போயிட்டா அது ரெஜிஸ்டர்ல ஏறும், கட்டவேண்டியதைக் கட்டத்தான் வேணும், அதுல அவ இளகினதே இல்ல, ஆனா அந்தக் கதை அவட ரூமுக்குள்ள கதவை மூடித்தான் நடக்கும். அவ இருந்த அஞ்சு வருஷத்துல அந்த ப்ராஞ்ச்ல இருந்து போனது மூண்டு பேர்.

எங்கட ஊர்ல இன்னொரு விசயம் இருக்கு, கொழும்பு ஹெச்ஆர் ஆக்களுக்கு இது அனேகம் தெரியாது. ஒரு ப்ராஞ்சுக்குள்ள தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டு ஆக்களும் இருப்பம். முதல் ப்ராஞ்ச்ல காலமை மீட்டிங் ஒரே பாஷையில நடக்கும், விளங்கின ஆக்கள் தலையாட்டுவாங்க, விளங்காத ஆக்களும் தலையாட்டுவாங்க, பிறகு சர்குலர்ல இருந்ததைச் செய்யேல்ல எண்டு ஏச்சு விழும். மெடம் மீட்டிங்ல ஒரு விசயத்தைச் சொல்லிப்போட்டு வேற ஒராளைக் கூப்பிட்டு அவர்ட பாஷையில திருப்பிச் சொல்லச் சொல்லுவா, அஞ்சு நிமிஷம் கூடப் போகும், ஆனா எல்லாருக்கும் விளங்கும், சொன்ன ஆளுக்கும் ஒரு மதிப்பு. வெள்ளிக்கிழமை ஜும்மாக்கு நானாமார் போற நேரம் நாங்க கவுண்டர் பாப்பம், நோன்பு மாசம் கிண்ணியா ஆக்களை முதல்ல விடுவம், தீபாவளி பொங்கலுக்கு அவங்க எங்களுக்கு நிப்பாங்க, சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போற சிங்கள ஆக்களுக்கு ஒரு நாள் முன்னுக்கே பஸ் பிடிக்க விடுவம், அப்ப நானாமார் நிப்பாங்க. லீவு ரோஸ்டரை மெனேஜர் போடேல்ல, நாங்களே பென்சிலால போட்டு மெடமிட்டக் குடுப்பம். அந்த ரோஸ்டருக்காக ஒரு சண்டை வந்ததில்ல எண்டு சொல்லமாட்டன், வந்தது, ரெண்டு மூண்டு தரம் நல்லா வந்தது, ஆனா நாங்க போட்டதை நாங்களே திருத்தினம்.

இப்ப நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்லவேணும், இல்லாட்டி நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினதாப் போயிடும். 2022ல நாடு விழுந்த நேரம் நல்ல ப்ராஞ்ச், கூடாத ப்ராஞ்ச் எண்டு இல்லாம எல்லா இடத்துலயும் ஆக்கள் போனாங்க. பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, ஒரு டொலர் 200 ரூபா அளவுல இருந்தது ரெண்டு மூண்டு மாசத்துல 350 தாண்டினது, பெட்ரோல் கியூவுல நிண்டிட்டு வேலைக்கு வருவாங்க. பிறகு 2023 தையில இருந்து மாசம் ஒரு லட்சத்துக்கு மேல எடுக்கிற ஆக்களுக்கு வரி 6 வீதத்துல தொடங்கி 36 வீதம் வரைக்கும் வெட்டத் தொடங்கினது, நடுத்தர ஒபிசர்மார்ட கையில விழுந்த அடி அது. கட்டார், கனடா, லண்டன், அவுஸ்திரேலியா எண்டு எங்கட ப்ராஞ்ச்ல இருந்து மட்டும் நாலு பேர். அவங்களைப் பிடிச்சு வெச்சிருக்க எந்தக் கலாசாரத்தாலும் ஏலாது, பிடிக்கிறதும் சரியில்ல.

ஆனா அதே நேரம் நான் கண்ட இன்னொண்டு, போக விருப்பம் இருந்தும் போகாம இருந்த ஆக்கள். 2022 சித்திரையில மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில 7 வீதப்புள்ளி கூட்டினது, வெளிய கடன் வட்டி 20 வீதத்துக்கு மேல போயிட்டு. பேங்க் ஸ்டாஃபுக்கு வீட்டுக்கடன் குறைஞ்ச வட்டியில இருக்கும், வேலையை விட்டா அனேகமா அந்தக் கடனைக் கட்டி முடிக்க வேணும், இல்லாட்டி வெளி ஆக்களுக்குக் குடுக்கிற வட்டிக்கு மாத்துவாங்க. அப்ப மாசக் கட்டுப்பணமே சம்பளத்தை விழுங்கிடும். பழைய ப்ராஞ்ச்ல என்ட கூட்டாளி ஒருத்தி இப்படி மாட்டுப்பட்டுக் கிடந்தாள், ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் படி ஏறக்குள்ள நெஞ்சு அடைக்குது எண்டு போன்ல சொல்லுவாள். அவள் வேலையை விடேல்ல. ஹெட் ஒஃபிஸ் ரிப்போர்ட்ல அவள் நிண்ட ஆள், நல்ல எண்ணிக்கை. ஆள் நிக்கிறதும் ஆள் சந்தோசமா இருக்கிறதும் ரெண்டு வேற கணக்கு, ரெண்டையும் ஒரே கட்டத்துக்குள்ள எழுதினா பிழைதான் வரும். கதிரையில இருக்கிற ஆக்களை எண்ணிப்போட்டு எங்கட ப்ராஞ்ச் நல்லம் எண்டு நினைக்கிற மெனேஜர்மார் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க, அந்தக் கடன் இல்லாட்டி நாளைக்கு எத்தினை பேர் வருவாங்க எண்டு.

நான் இப்ப அதே ரெண்டாவது பேங்க்ல செகண்ட் ஒபிசர். மெடம் மாத்தலாகிப் போயிட்டா. அவட பஸ் தாள் இப்ப என்ட மேசையில, கொஞ்சம் கூட்டியும் இருக்கிறன். புதுசா வாற பிள்ளையை முதல் மாசம் தனியா கவுண்டர்ல விடுறதில்ல, பக்கத்துல ஒராள் இருப்பார், அந்த மாசம் அந்தப் பிள்ளைக்கு டார்கெட் இல்ல. எக்சஸ் வந்து தானா வந்து சொன்னா மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னால நல்லது எண்டு சொல்லுவன், ஷோர்ட்டை ஒருக்காலும் மீட்டிங்ல சொல்றதில்ல. மார்கழி டார்கெட்டை எங்கட கடல் கணக்கு, வயல் கணக்கோட எழுதி ஏரியா மெனேஜருக்கு அனுப்பினம், முதல் வருஷம் ஒண்டும் நடக்கேல்ல, ரெண்டாம் வருஷம் மார்கழி நம்பரைக் குறைச்சு மாசிக்கும் ஆடிக்கும் கூட்டித் தந்தாங்க, வருஷக் கூட்டுத்தொகை அதேதான், ஆனா பிள்ளைகள்ட முகம் வேற. பிள்ளை பெத்து 84 வேலை நாள் லீவு முடிஞ்சு வாற தாய்மாருக்கு ரெக்கோட் ரூம்ல ஒரு மூலையை ஒதுக்கி திரைச்சீலை போட்டுக் குடுத்தன், பூட்டும் போட்டது. இது முதல் ப்ராஞ்ச்ல இல்லாததால ஒரு அக்கா டொய்லெட்டுக்குள்ள நிண்டு பால் எடுத்தவ, நாலு மாசத்துல வேலையை விட்டவ. பதினொரு வருஷ அனுபவம், லெட்டர் ஒஃப் கிரெடிட், அதாவது வெளிநாட்டு வியாபாரத்துக்கு பேங்க் குடுக்கிற உத்தரவாதக் கடிதம், அந்த வேலை தெரிஞ்ச ஒரே ஆள் அந்த ப்ராஞ்ச்ல.

லெட்டர் குடுத்த பிறகு ஏன் போறீங்க எண்டு கேக்கிறதுல பெரிய பிரயோசனம் இல்ல, அப்ப எல்லாரும் வீட்டுப் பிரச்சினை எண்டுதான் எழுதுவாங்க, நானும் 2014ல அப்படித்தான் எழுதினன், அனுபவக் கடிதம் வேணுமே. நான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொராளோடயும் பிளேன்டீ குடிச்சுக்கொண்டு கதைப்பன், இங்க எது உனக்குக் கஷ்டமா இருக்கு, அடுத்த வருஷம் எங்க இருக்க விருப்பம் எண்டு. போன தரம் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து பாலையூற்றுல போர்டிங்ல இருக்கிற தம்பி ஒராள், அக்கா எனக்கு ட்ரான்ஸ்ஃபர் எப்ப எண்டு தெரிஞ்சாப் போதும், கிடைக்காட்டியும் பரவாயில்ல, தெரிஞ்சாப் போதும் எண்டார். அவருக்கு அடுத்த வருஷம் சித்திரைக்குப் பிறகுதான் எண்டு எழுதி வாங்கிக் குடுத்தம். அவர் பையில வெச்சிருந்த வேற பேங்க் அப்ளிகேஷனை அனுப்பேல்ல எண்டு பிறகு சொன்னார்.

தங்கச்சிட மகளுக்கு நான் எழுதிக் குடுத்ததும் கிட்டத்தட்ட இதுதான். இன்டர்வியூவுல கேள்வி ஏதும் இருக்கா எண்டு கேப்பாங்க, அப்ப வெக்கப்படாம, ஷோர்ட் வந்தா இந்த ப்ராஞ்ச்ல என்ன செய்வீங்க எண்டு கேள், அவங்க சொல்ற பதிலை விட, பதில் சொல்லக்குள்ள அவங்கட முகத்தைப் பார். அப்போயின்ட்மன்ட் லெட்டர்ல ப்ரொபேஷன் எத்தினை மாசம், இடையில விட்டா பொண்ட் காசு எவ்வளவு எண்டு வாசிக்காம கையெழுத்து வைக்காத. ஈபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு உன்ட சம்பளத்துல 8 வீதம், அவங்க போடுறது 12, ஈடிஎப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவங்க போடுறது 3, சம்பளச் சிட்டையில ஒவ்வொரு மாசமும் பார். அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் சட்டப்படி கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடைக் காசு, நாலே முக்கால் வருஷத்துல கோவத்துல லெட்டர் குடுக்காத. ஐபிஎஸ்எல் எண்ட இலங்கை வங்கியாளர் நிறுவகத்துட எக்சாமுக்குப் படிக்க லீவு தராத இடத்துல கன காலம் நிக்காத. அவள் இப்ப சேர்ந்து எட்டு மாசம், ரெண்டு தரம் ஷோர்ட் வந்திட்டு, ரெண்டும் கிடைச்சிட்டு.

இந்தப் பங்குனி பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுல என்ட பழைய மெனேஜர் சேரைக் கண்டன். ரிடையர் பண்ணிட்டார், நல்லா மெலிஞ்சு போயிட்டார், மனுசியோட வீதி ஓரம் நிண்டார். நான் பாக்காத மாதிரிப் போயிருப்பன், அவர்தான் பிள்ளை எண்டு கூப்பிட்டார். எங்க இருக்கிறாய், செகண்ட் ஒபிசரா, நல்லம் நல்லம் எண்டார். பிறகு கொஞ்ச நேரம் கதைக்காம நிண்டிட்டு, எனக்கு அப்ப ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு மேலிடத்துல இருந்து கோல் வரும் பிள்ளை, எல்லா மெனேஜர்மாரையும் லைன்ல போட்டு ஒவ்வொராளாக் கேப்பாங்க, நான் அந்தக் கோலுக்குப் பயந்துதான் அந்த ரூமை விட்டு வராம இருந்தனான், கோல் முடிஞ்சு எழும்பக்குள்ள ஏழரை ஆகும் எண்டார். எனக்கு அது தெரியாது. பதிமூண்டு பேரும் ஏழரை மட்டும் இருந்தது ஏன் எண்டு பத்து வருஷத்துக்கு மேல போனபிறகு அந்த வீதியில நிண்டுதான் எனக்கு விளங்கினது. பரவாயில்ல சேர் எண்டு சொல்ல வாய் வந்தது, ஆனா சொல்லேல்ல, ஏனெண்டா பரவாயில்ல எண்டு எனக்கு இன்னும் இல்ல. அவரும் அதை எதிர்பாத்த மாதிரித் தெரியேல்ல. போகக்குள்ள திரும்பி, அந்த மூதூர்க்காரர், அந்த மழை நாள், அவர் காசைக் கொண்டு வந்து தந்தவர்தானே எண்டு கேட்டார்.

ஓம் சேர், எட்டாம் நாள் கொண்டு வந்தவர் எண்டன்.